தரைக்கு மேல் தரை

சோல்கோல்
9 அக்டோபர் 1982

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் கில்சங்குக்கு, அத்தை மால்சுன் எழுதுறது.

ஸ்தோத்திரம். நீயும் இன்ஜாவும் சுகமா? சியோல்ல காத்து மாறிடுச்சா? இங்க கர்த்தர் கிருபையால உங்கம்மா இருந்த மாதிரியே இருக்காங்க. வாதம் வந்த வலது பக்கம் அசையல, வாய் பேசல. இடது கை மட்டும் நல்லா ஓடுது. கஞ்சி குடிக்கிறாங்க. நான் விடியக்கால ஜெபத்துக்குப் போறப்ப, பக்கத்துல வெச்சிருக்கிற பித்தளை மூத்திரச் சட்டியோட மூடியால டங்குனு ஒரு தட்டு தட்டி வழியனுப்புறாங்க. அது ஒரு சந்தோஷம்.

நீ அனுப்பிச்ச ஆளுங்க வந்து தரையைப் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அதைப் பத்தித்தான் எழுத உக்காந்தேன். எடுத்த எடுப்புலயே கோவப்படக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் உக்காந்தேன். இருந்தாலும் வருது, என்ன செய்ய?

தரையை மாத்துறேன்னு நீ எழுதினப்ப, தரையில ஒட்டியிருக்கிற பழைய எண்ணெய்க் காகிதத்தை உரிச்சு, கீழ மண்ணு பூசி, புதுசா போடுவாங்கன்னு நெனச்சேன். வந்தவன் ஒரு மஞ்ச பிளாஸ்டிக் விரிப்பை உருட்டிக்கிட்டு வந்தான். "பழசு மேலயே விரிச்சிடலாம் அக்கா, மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும்"ங்கறான். நான் அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், அடுப்பு வாய்க்குப் பக்கத்துல காகிதத்துல கறுப்பா ஒரு கோடு விழுந்திருக்கிறதைக் காட்டினேன். "பாரு, அடுப்புச் சூடும் புகையும் தரைக்கு அடியில ஓடித்தான் அறை சூடாகுது, அங்க கல்லு விலகியிருக்கு. கரி கேஸ் வர்ற வழி இது. இதை அடைக்காம மேல மூடினா எங்க அண்ணி எப்படிப் படுப்பாங்க?"ன்னு கேட்டேன். அவனும் மண்டையைச் சொறிஞ்சான். ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய் யாருக்கோ போன் பண்ணிட்டு வந்தான். வந்து, "விரிச்சிடச் சொல்லிட்டாங்க"ன்னான். யாரு சொன்னதுன்னு கேட்டா, "மேல இருக்கிறவங்க"ங்கறான். மேல இருக்கிறவர் ஒருத்தரைத்தான் எனக்குத் தெரியும். அவர் இப்படிச் சொல்லமாட்டார்.

கில்சங், காகிதத் தரை பாத்த உடனே சொல்லிடும். விரிசல் விட்டா கறுக்கும், சூடு ஜாஸ்தியானா பழுக்கும். இந்த மஞ்ச விரிப்பு எதையும் சொல்லாது. சிரிச்ச முகமா கிடக்குது. உடனே தூக்கச் சொல்லு.

உங்கம்மாவுக்காக ஜெபிக்கிற,
உன் அத்தை


சியோல்
25 அக்டோபர் 1982

அன்புள்ள அத்தைக்கு, கில்சங் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் அம்மாவும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் நலம். அலுவலகத்தில் ஆண்டுக் கடைசி வேலை நெருக்குகிறது.

தரை விஷயத்தில் தாங்கள் கவலைப்பட வேண்டாம். இப்போது சியோலில் எல்லா வீடுகளிலும் இந்த விரிப்புதான். ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். தங்கள் முழங்கால் வலியை நினைத்துத்தான் செய்தேன். அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு உறவினர் எல்லாரும் வருகிறார்கள். அந்தப் பழைய காகிதத்தில் அவர்களை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
கில்சங்


சோல்கோல்
28 நவம்பர் 1982

மருமகனுக்கு, அத்தை எழுதுறது. கர்த்தர் உன்னையும் இன்ஜாவையும் காப்பாராக.

விழா நல்லா முடிஞ்சுது. நீ சீக்கிரம் கிளம்பிப் போயிட்ட, அதனால பேச முடியல. வந்தவங்க எல்லாம் தரையைத் தடவித் தடவிப் பாத்தாங்க. போங்சு அம்மா இருக்காளே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, "மகன்னா இப்படி இருக்கணும், முகம் தெரியுது பாரு தரையில"ன்னு உருகினா. "முகம் பாக்குறதுக்குக் கண்ணாடி இருக்குடி, படுக்குறதுக்குத்தான் தரை"ன்னேன். அவளுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

விழாவுல உன் மாமனார் கடையில வேலை பாக்குற ஆளு ஒருத்தன் ரெண்டு கிண்ணம் அரிசிக் கள்ளு குடிச்சிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டான். விரிப்பு உன் மாமனார் கடைச் சரக்காமே? விக்காம நின்ன உருளையாமே? அவர் வீட்டு மாடியில குடியிருக்குற நீ, அவர் குடுத்ததை வேணாம்னு சொல்ல முடியல. இதை ஒரு வரி எனக்கு எழுதினா உன் கை தேஞ்சா போகும்? என் முழங்காலை எதுக்கு இழுக்குற?

அதை விடு. குளிர் வந்து கரியை ரெட்டையா வெச்சு எரிக்க ஆரம்பிச்சதுலேருந்து அண்ணிக்கு உடம்பு சரியில்ல. காலையில கஞ்சியை வாந்தி எடுக்குறாங்க. முகம் சிவந்து வீங்கினாப்ல இருக்கு. முன்னெல்லாம் காலையில ஒரு தட்டுதான். இப்ப ராத்திரி பூரா அந்த மூடியை எடுத்து டங் டங் டங்குனு தட்டுறாங்க. துணி மாத்தணுமோன்னு ஓடிப்போய்ப் பாத்தா, காஞ்சுதான் கிடக்கு. வாய் இருக்கிறவங்க தலை வலிக்குதுன்னு சொல்லுவாங்க. அவங்க எதை வெச்சுச் சொல்லுவாங்க?

விரிப்பு ஓரத்துல மோந்து பாத்தேன். கரி நாத்தம் அடிக்குது. இதை மட்டும் தயவுபண்ணி நம்பு.

சுகமா இரு.
அத்தை


சியோல்
15 டிசம்பர் 1982

அன்புள்ள அத்தைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே பனி பெய்யத் தொடங்கிவிட்டது.

அம்மாவின் நிலையை இங்கே ஒரு மருத்துவரிடம் சொன்னேன். வாதம் வந்தவர்களுக்கு வாந்தியும், காரணமில்லாமல் தட்டுவதும் தொடர்வது இயல்புதான் என்றார். ஜின்செங் வேரும் ஒரு டப்பா சத்து மாத்திரையும் அனுப்புகிறேன். அம்மாவைச் சூட்டுப் பக்கத்திலேயே கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய மருந்து.

இன்ஜா தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

கில்சங்


சோல்கோல்
6 ஜனவரி 1983

மருமகனுக்கு.

வருஷம் பொறந்திருக்கு, கர்த்தர் உன் கண்ணைத் திறக்கட்டும். நான் சுகம். நீ சுகமா?

நான் தரையைப் பத்தி எழுதினேன், நீ மாத்திரையைப் பத்தி எழுதுற. நான் மாமனாரைப் பத்தி எழுதினேன், நீ பனியைப் பத்தி எழுதுற. உன்கிட்ட எழுதுறதுக்குக் கிணத்துக்குள்ள குனிஞ்சு பேசலாம். அதுவாவது நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்.

உங்கம்மாவை இடம் மாத்திட்டேன். அடுப்பு வாய்ப் பக்கத்துலேருந்து மெத்தையோட இழுத்து, வாசப் பக்கம் குளிர்ல போட்டிருக்கேன். மேல மூணு போர்வை. கதவை விரக்கடை திறந்து வெச்சிருக்கேன். எனக்கு நல்லா தெரியும், வீட்டுக்குப் பெரியவங்களைச் சூட்டுப் பக்கத்துலதான் படுக்கவைக்கணும். குளிர்ப் பக்கம் வேலைக்காரங்களுக்கும் அரிசி மூட்டைக்கும். நான் என்ன காட்டுலயா பொறந்தேன்? ஆனா அந்தச் சூட்டுப் பக்கத்துலதானே விரிசல் இருக்கு! அந்த மரியாதையான இடம்தான் அவங்களைக் கொல்லுது.

மறுநாளே வாந்தி நின்னுபோச்சு. முகத்துச் சிவப்பும் வீக்கமும் வடிஞ்சுடுச்சு. தூங்குறாங்க, கில்சங், கொறட்டை விட்டுத் தூங்குறாங்க. ராத்திரி மூடியைத் தொடுறதேயில்ல. உங்க சியோல் டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு, குளிர்ல போட்டா வாதம் சரியாகுமான்னு.

இங்க இருக்கிற கொத்தனைக் கூப்பிட்டா, "வீட்டுக்காரர் சொல்லாம கையை வைக்கமாட்டேன்"ங்கறான். பத்திரம் உன் பேர்ல இருக்கு. ஒரு வார்த்தை எழுது, தூக்கிடுறோம்னு.

அத்தை


சியோல்
14 ஜனவரி 1983

அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போங்சு அம்மா ஊர்த்தலைவர் வீட்டுத் தொலைபேசியில் என் அலுவலகத்துக்கே பேசினார். "உன் அம்மாவைக் குளிர்ப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், கதவும் திறந்து கிடக்கிறது, ஊரே பார்க்கிறது" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் விழ அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் தாயை ஜனவரிக் குளிரில் வேலைக்காரி போல வாசலில் கிடத்த தங்களுக்கு எப்படி மனம் வந்தது? அப்பா இருந்திருந்தால் செய்வீர்களா?

தாங்கள் அம்மாவுக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அது என் வீடு, அவர் என் தாய். தரையில் யாரும் கை வைக்க வேண்டாம். சந்திரப் புத்தாண்டுக்கு நான் வருகிறேன். வந்து நானே அம்மாவை அவருக்குரிய இடத்தில் படுக்கவைப்பேன்.

கில்சங்


சோல்கோல்
20 பிப்ரவரி 1983

கில்சங்குக்கு.

ஆஸ்பத்திரியிலேருந்து நேரா சியோலுக்குப் போயிட்டன்னு கேள்விப்பட்டேன். தலைவலி விட்டுச்சா? நடக்கும்போது தள்ளாட்டம் இருக்கா? உயிரோட இருக்க, ஸ்தோத்திரம். இப்ப நான் பேசுறேன், நீ கேளு.

சனிக்கிழமை சாயங்காலம் வந்த. செருப்பைக் கழட்டினதும் என்னைப் பாத்து ஒரு கும்பிடு. அப்புறம் அம்மாவை மெத்தையோட தூக்கிட்டுப் போய்ச் சூட்டுப் பக்கத்துல வெச்ச. நான் வழியில நின்னேன். "அத்தை, தள்ளுங்க"ன்ன. "டேய், அங்க விஷம் வருதுடா"ன்னேன். "உங்க வாயிலேருந்துதான் வருது"ன்ன. நான் வாயை மூடிக்கிட்டேன். பண்டிகை நாளும் அதுவுமா எதுக்குன்னு மூடிக்கிட்டேன். நீயும் அம்மா பக்கத்துலயே படுத்துக்கிட்ட, கதவை இறுக்கிச் சாத்திக்கிட்ட.

நான் சின்ன அறையில படுத்திருந்தேன். மூடிச் சத்தம் கேட்டுச்சு. டங் டங் டங். அப்புறம் நின்னுபோச்சு. சரி, மகன் பக்கத்துல இருக்கான், கையைப் பிடிச்சிருப்பான், அதான் அடங்கிட்டாங்கன்னு நெனச்சுட்டேன்.

விடியக்கால ஜெபத்துக்குப் போனேன். போறப்ப அந்த ஒரு தட்டுகூட இல்ல. கோயில்ல போய் முழங்கால் போட்டா ஜெபம் வரல. மனசுல ஒண்ணுதான் ஓடுது. அண்ணி அப்படி அடங்குற ஆளு இல்லையே, அந்த இடத்துல படுத்து ஒரு ராத்திரியும் சும்மா இருந்ததில்லையேன்னு. போதகர் ஜெபம் பண்ணிட்டிருக்கும்போதே எந்திரிச்சேன். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலேருந்து ஜெபத்துல பாதியில எந்திரிச்சதில்ல. அது கர்த்தர் எழுப்பினதுன்னு நெனைக்கிறேன்.

கதவைத் திறந்தா அந்த நாத்தம். அண்ணியை முதல்ல இழுத்தேன், பஞ்சு மாதிரி வந்துட்டாங்க. உன்னை இழுக்க முடியல. சியோல்ல நல்லாத்தான் சாப்பிடுற. ரெண்டு காலையும் பிடிச்சுப் படியில தலை இடிக்க இடிக்க இழுத்து முத்தத்துப் பனியில போட்டேன். போங்சு அம்மா சத்தம் கேட்டு கரி விஷத்துக்கு முறிவுன்னு முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணியைச் சட்டியோட தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. அழுதுகிட்டே ஊத்தினா. உன் வாய்க்குள்ள போனதைவிடக் காதுக்குள்ள போனதுதான் அதிகம். "ஐயோ, நான்தானே போன் பண்ணினேன், நான்தானே போன் பண்ணினேன்"னு மாரடிச்சா. ஊர்த்தலைவர் லாரியில ஏத்திட்டுப் போனாங்க.

அண்ணியை நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மிச்சமிருந்த அந்த ஒரு கைக்கும் நடுக்கம் வந்துடுச்சு. கரண்டி பிடிக்க முடியல.

இப்ப ஒண்ணு. சட்டி மூடியைக் காணோம்னு வீடு பூரா தேடினேன். அது அலமாரி உச்சியில இருந்துச்சு. அண்ணியால எந்திரிச்சு நிக்க முடியாது. எனக்கு அந்த உயரம் எட்டாது.

நான் எதுவும் கேக்கல. பதில் எழுது.

அத்தை


சோல்கோல்
13 மார்ச் 1983

கில்சங்குக்கு.

பதில் இல்ல. சுகமான்னு கேக்குற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல. சுகமாத்தான் இருப்ப.

உன் உத்தரவுக்குக் காத்திருந்தது போதும்னு கத்தியை எடுத்துட்டேன். கிம்ச்சிக்கு முள்ளங்கி வெட்டுற கத்தி. அடுப்பு வாய்ப் பக்கம் ஆரம்பிச்சு, மஞ்ச விரிப்பைச் சரக்குனு கிழிச்சு மேல தூக்கினேன். போங்சு அம்மாதான் ஒரு முனையைப் பிடிச்சா. கீழ பாத்ததும் கையை விட்டுட்டா. நான் காட்டின அந்தக் கறுப்புக் கோடு இருந்துச்சே, அது கொப்பும் கிளையுமா தரை பூரா படர்ந்து கிடந்துச்சு. காகிதம் ஈரத்துல ஊறி, கரி அப்பி, தொட்டா கையோட வருது. மேல உங்க மஞ்ச விரிப்பு பளபளன்னு இருக்கு, அடியில இது. இதுக்கு மேலதான் உங்கம்மாவைக் "கதகதப்பா" வெச்சுக்கச் சொன்ன.

ஒரு துண்டை வெட்டி, கரி பக்கம் உள்ள இருக்கிறாப்ல மடிச்சு, தபால்ல அனுப்பிட்டேன். உன் பேருக்கு இல்ல. உன் மாமனார் பேருக்கு. கூடவே ஒரு வரி எழுதினேன்: "உங்கள் சரக்கு, உங்கள் சம்பந்தி அம்மாளின் மெத்தைக்கு அடியிலிருந்து. கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் தருவாராக." மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை இருந்தா சொல்லு.

இப்ப நாங்க ரெண்டு பேரும் சின்ன அறையில இடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கோம். மூடியை அண்ணி கையில குடுத்துட்டேன். நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுத் தூங்குறாங்க. கை நடுக்கத்துக்கு அது சட்டைப் பொத்தான்ல பட்டுப் பட்டுக் கிணுகிணுங்குது. நான் அதைக் கேட்டுக்கிட்டே முழிச்சுக் கிடக்கேன். உன்னை நெனச்சா எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. அது என் பாவத்துல சேருமா உன் பாவத்துல சேருமா?

மால்சுன்


சியோல்
24 மார்ச் 1983

அத்தைக்கு,

தாங்கள் நலமா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன். அம்மா எப்படி இருக்கிறார்?

பொட்டலம் வந்தபோது மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். இன்ஜாதான் பிரித்தாள். கரி சோற்றில் உதிர்ந்தது. மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த வீட்டுத் தரையிலும் இருக்கும்" என்றார். நான் எழுந்துவிட்டேன். மறு வாரமே இன்ஜாவும் நானும் வாடகை அறைக்கு வந்துவிட்டோம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகத் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன்.

தாங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். மூடியை எடுத்தது நான்தான். அம்மா விடாமல் தட்டினார். நான் பகல் முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பில் இருந்தேன். "போதும்மா, எல்லாரும் சேர்ந்து என்னை ஏன் வதைக்கிறீங்க?" என்று கத்தினேன். அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேன். மூடி போன பிறகு வெறும் உள்ளங்கையால் தரையைத் தட்டினார், அத்தை. தரையையே தட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அக்டோபரில் அந்த வேலைக்காரன் ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து போன் செய்தானே, அது என் மாமனாருக்கு இல்லை. எனக்கு. "அடுப்பு வாய்ப் பக்கம் கறுப்புக் கோடு இருக்கிறது, உரித்துப் பார்க்கலாமா? மூன்று நாள் கூடுதலாகும்" என்றான். கடைசி நேரத்தில் வேலையை இழுத்தால் மாமனார் முகம் சுளிப்பார் என்று, "வேண்டாம், மேலேயே விரித்துவிடு" என்றேன். தங்கள் ஒவ்வொரு கடிதமும் வந்தபோது அந்தக் கோடு எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாத்திரை அனுப்பினேன்.

சனிக்கிழமை வருகிறேன். மண்ணும் காகிதமும் நான் வாங்கி வருவேன். உள்ளே விட வேண்டாம் என்று தோன்றினால் முற்றத்திலேயே நிற்கிறேன்.

கில்சங்


சோல்கோல்
18 ஏப்ரல் 1983

மருமகன் கில்சங்குக்கு, அத்தை எழுதுறது.

ஸ்தோத்திரம். சுகமா போய்ச் சேர்ந்தியா? இன்ஜாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லு. அவ புருஷன்கூடக் கிளம்பி வாடகை அறைக்கு வந்தாளே, எனக்கு இப்பத்தான் அவ மேல ஒரு பிரியம் வருது.

நீ பூசின மண்ணு காஞ்சுடுச்சு. ஒரு இடத்துல கையெழுத்துப் போட்ட மாதிரி உன் உள்ளங்கை பதிஞ்சிருக்கு, கொத்தன் தேய்க்கலாமான்னு கேட்டான், இருக்கட்டும்னேன், எப்படியும் காகிதத்துக்கு அடியில போகப்போகுது. காகிதம் ஒட்டி ரெண்டு தரம் எண்ணெய் பூசியாச்சு. நீ ஓரம் வெட்டினது எல்லாம் கோணல். போங்சு அம்மா பாத்துட்டு, "ஆபீசரு வெட்டினதா?"ன்னு சிரிச்சா. அவளுக்கு எவ்வளவு திமிரு பாரு.

உன் மேல கோவம் போயிடுச்சான்னு கேப்ப. போகல. போன்ல நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நெனைச்சா, பாத்திரம் கழுவும்போதே எனக்குக் கை நிக்குது. மாமனாரைத் திட்டி நான் எழுதினது எல்லாத்தையும் படிச்சுட்டு நீ சும்மா இருந்தியே, அந்த மனுஷன் தலையில போகட்டும்னு! போதகர்கிட்ட கேட்டேன், மன்னிக்கணும்ங்கறார். செய்யுறேன், கொஞ்ச நாள் குடுங்கன்னேன். கர்த்தருக்கு என் சுபாவம் தெரியும்.

ஆனா நேத்து நடந்ததைச் சொல்லிடுறேன். முதல் தடவை கரி மூட்டி, முழங்கால் போட்டு தரை பூரா மோந்து பாத்தேன். எண்ணெய் வாசனைதான். அண்ணியைத் தூக்கிட்டுப் போய்ச் சூட்டுப் பக்கத்துல படுக்கவெச்சேன். உடம்பை விறைச்சுக்கிட்டாங்க. மூடியை ஓங்கிக்கிட்டு என்னையே பாத்தாங்க. நானும் பக்கத்துலயே படுத்துக்கிட்டேன், "அண்ணி, போனா ரெண்டு பேருமா போவோம்"னேன். ரொம்ப நேரம் கழிச்சு உள்ளங்கையைத் தரையில வெச்சு அழுத்திப் பாத்தாங்க. அப்புறம்தான் மூடியை மெதுவா கீழ வெச்சாங்க. கைக்கு எட்டுற தூரத்துலதான், தள்ளி இல்ல.

அறுவடைப் பண்டிகைக்கு ரெண்டு பேரும் வாங்க. இன்ஜாவுக்குச் சின்ன அறை. உனக்கு அம்மாகூட, குளிர்ப் பக்கம், கதவோரம் மெத்தை போடுறேன். அங்கதான் இனிமே உன் இடம். மூடி அவங்க பக்கத்துலயே இருக்கும். எந்நேரம் சத்தம் கேட்டாலும், பஸ்ல வந்த களைப்பா இருந்தாலும், நீ எந்திரிக்கணும். எந்திரிச்சு, என்னம்மான்னு கேக்கணும்.

உன் அத்தை,
மால்சுன்